குறியிடம்

(திங்கட் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



'குறியிடம்' என்னும் தலைப்பைக் கேட்டதும் பலர்க்குத் தினைப்புனமும் புன்னைமர நிழலும் நினைவுக்கு வந்திருக்கும். அவற்றைப் பற்றிய பேச்சும் வரும். ஆயினும் பொழிவின் பொருள் வேறு. சென்னையின் இருவேறு மூலைகளில் வாழும் இரண்டு நண்பர்கள், ஒரு வேலைநாளின் மாலைப் பொழுதில் ஒருவரையொருவர் கண்டு, ஒரு மணி நேரம் அமர்ந்து பேசிவிட்டு வீடு திரும்ப வேண்டுமானால், எவ்விடத்திற் கூடுவது? இதுவே வினா. மிகச் சிறிய வினாவாகத் தோன்றும். இதற்கு விடை காண மாட்டாமையால் தேய்ந்து மறைந்த நட்புகள் இந்நகரில் எத்தனை என்பதை அவரவர் தம் நெஞ்சைக் கேட்டு அறிந்துகொள்ளலாம்.

நட்பு என்ற சொல் மேடையில் விழுந்தவுடன் பிசிராந்தையாரைக் கையோடு அழைத்து வருவது தமிழ்ப் பேச்சாளர் வழக்கம். பாண்டி நாட்டுப் பிசிரூரினின்றும் புறப்பட்டு, முன்பின் கண்டிராத கோப்பெருஞ்சோழனுக்காக வந்து, தாமும் வடக்கிருந்தார் அப்பெரியார். சோழனும் அவர் வருவார் என்று உறுதியாக நம்பி அவர்க்கென இடம் ஒதுக்கச் செய்திருந்தான். பெருமைக்குரிய செய்தியே. ஆனால் அந்த நட்பில் இடம் எது என்ற ஐயம் எழவில்லை. மாலை ஆறு மணிக்குக் கத்திப்பாராவைக் கடக்க வேண்டிய இடரும் பிசிராந்தையார்க்கு இருந்ததில்லை. உணர்ச்சி ஒன்றியிருந்தால் போதும், கூடிப் பழகுதல் வேண்டா என்பது வள்ளுவர் கருத்து. அது நட்பு தோன்றுதற்குச் சொன்னது. தோன்றிய நட்பு நாற்பது ஆண்டு நின்று நிலவுதற்கு, இடையிடையே எதிரெதிர் அமர்ந்து ஒரு குவளைத் தேநீர் பருகுதலும் வேண்டும் என்று கூறினால் வள்ளுவர் சினந்துகொள்ளார்.

கூடுமிடத்தைப் பற்றி நூற்பாவே வகுத்து வைத்த மொழி தமிழ். தொல்காப்பியர் களவியலில் குறியை இரவுக்குறி, பகற்குறி என இரண்டாகப் பகுத்தார். இரவுக்குறி வீட்டாரின் பேச்சுக் கேட்கும் தொலைவுக்குள் அமைதல் வேண்டும் என்றும், பகற்குறி மனையெல்லைக்குப் புறத்தே, ஆனால் தலைவி அறிந்து வரத்தக்க இடத்தில் அமைதல் வேண்டும் என்றும் வரையறுத்தார். அவ்வளவோடு நின்றிருந்தால் அது காதலர்க்கு மட்டும் உரிய செய்தியாய் முடிந்திருக்கும். மற்றொரு நூற்பாவில், களத்தைச் சுட்டிச் சொல்லும் உரிமை தலைவிக்கே உரியது என்று கூறி, அதற்கு ஏதுவும் காட்டினார்: அவள் செல்லுதற்குரிய வழியாக அது இருத்தல் வேண்டும் என்பதே அவ்வேது. தலைவன் மலையையும் ஏறுவான், காட்டாற்றையும் நீந்துவான், அவனுக்கு எவ்விடமும் ஒன்றே. அவளுக்கோ காவல் உண்டு, வரம்பு உண்டு. ஆகவே எவர்க்குச் செல்லுதல் அரிதோ அவரே இடத்தைச் சொல்லுதல் வேண்டும். காதலுக்குச் சொன்ன இந்நெறி நட்புக்கும் பொருந்தும் என்பதே இப்பொழிவில் நாட்டப்பெறுவது.

இன்று நடப்பது இதற்கு நேர்மாறு. மகிழுந்து வைத்திருப்பவர் இடத்தைக் குறிக்கின்றார். பேருந்தில் வருபவர் தலையசைக்கின்றார். "அங்கே வண்டி நிறுத்த இடம் உண்டு" என்பது முன்னவர் கூறும் ஏது. அங்கிருந்து பேருந்து நிறுத்தம் எத்துணைத் தொலைவு என்று அவர் வினவுவதில்லை. இது தீய எண்ணத்தால் நேர்வதன்று. பேருந்து நிறுத்தம் என்ற ஒன்று அவர் கண்ணிற் படுவதே நின்றுபோயிற்று, அவ்வளவே. பின்னவரும் வாய் திறந்து சொல்வதில்லை. சொன்னால் தம் எளிமையைச் சொன்னதாகும் என்று நாணுகின்றார். முதன்முறை வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்கின்றார். இரண்டாம் முறை முக்கால் மணி நேரம் பிந்தி வந்து, அதற்காக மன்னிப்பும் வேண்டுகின்றார். மூன்றாம் முறை, உள்ளே வந்து அமர்ந்ததும் திரும்பிப் போகும் வண்டியைப் பற்றிய கவலை பிடித்துக்கொள்கின்றது. நான்காம் முறை அவர்க்குத் தலைவலி. அதன் பிறகு பொங்கல் வாழ்த்து மட்டும். அவர் அன்பு குறைந்துவிட்டது என்று இவரும், இவர்க்குச் செருக்கு மிகுந்துவிட்டது என்று அவரும் எண்ணிக்கொண்டு முதுமையடைகின்றனர். இருவரும் நல்லவரே. இடம்தான் தவறு.

இடத்தை ஆராயுமுன் நகரின் அமைப்பை ஆராய்தல் வேண்டும். சென்னை கோட்டையைச் சார்ந்து வளர்ந்த நகர். கோட்டையும் பாரிமுனையும் உள்ளங்கையானால், சாலைகள் விரித்த விரல்கள். வடக்கே கும்மிடிப்பூண்டி நோக்கி ஒன்று, வடமேற்கே ஆவடி திருவள்ளூர் நோக்கி ஒன்று, மேற்கே பூவிருந்தவல்லி நோக்கி ஒன்று, தெற்கே தாம்பரம் செங்கழுநீர்ப்பட்டு நோக்கி ஒன்று. தொடர்வண்டித் தடங்களும் பெரும்பாலும் இவ்வாறே விரிந்தன. 1856-இல் இராயபுரத்திலிருந்து முதல் வண்டி மேற்கு நோக்கி ஓடிற்று. நடுவண் நிலையம் 1873-இலும் எழும்பூர் நிலையம் 1908-இலும் எழுந்தன. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-இல் மின்தொடர்வண்டி வந்தது. விரல்கள் யாவும் உள்ளங்கையிற் கூடும்; ஆனால் ஒரு விரலின் நுனியிலிருந்து மற்றொரு விரலின் நுனிக்குத் தாவும் வழி குறைவு. பிற்காலத்தில் உள்வட்டச் சாலை, புறவழிச் சாலை, வண்டலூரிலிருந்து மீஞ்சூர்க்குச் செல்லும் வெளிவட்டச் சாலை எனக் குறுக்குச் சாலைகள் போடப்பெற்றன. அவை சொந்த ஊர்தி உடையார்க்கு உதவும் அளவுக்குப் பேருந்தையும் தம் காலையும் நம்பியவர்க்கு உதவுவன அல்ல.

இனி, ஆவடியில் ஒருவரும் தாம்பரத்தில் ஒருவரும் வாழ்வதாகக் கொள்க. இருவரும் அறுபதைக் கடந்தவர். ஒருவர் தொழிற்சாலையில் உழைத்து ஓய்ந்தவர், மற்றவர் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்ந்தவர். நயன்மையோடு நடக்க விரும்பி இருவரும் நிலப்படத்தை விரித்துக் கோல் வைத்து அளக்கின்றனர். நடுப்புள்ளி மாங்காட்டுக்கு அண்மையில் விழுகின்றது. அருகில் உணவகங்கள் மிகுந்த இடம் போரூர். "நமக்குப் பொதுவான இடம் போரூரே; யார்க்கும் சுமை கூடாது, யார்க்கும் குறையாது" என்று மகிழ்ந்து மாலை ஆறு மணி என முடிவு செய்கின்றனர்.

அந்த மாலையில் நிகழ்வதைச் சற்றுப் பின்தொடர்க. ஆவடியார் அம்பத்தூர்ப் பக்கமாகவோ பூவிருந்தவல்லிப் பக்கமாகவோ சுற்றி, பெங்களூர் நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்தாக வேண்டும். மதுரவாயலில் அந்நெடுஞ்சாலையும் புறவழிச் சாலையும் ஒன்றோடொன்று முட்டும் வேளை அது. தாம்பரத்தாரோ பல்லாவரம் குன்றத்தூர் வழியாகக் குறுகிய சாலையில் ஊர்ந்து வர வேண்டும். அல்லது கத்திப்பாரா வரை வடக்கே சென்று, அங்கிருந்து பூவிருந்தவல்லிச் சாலையில் மேற்கே திரும்ப வேண்டும். பழைய மின்தொடர்வண்டித் தடங்களுள் எதுவும் போரூரைத் தொடவில்லை. எனவே இருவரும் முற்றிலும் சாலையையே நம்பி, இருவேறு நெரிசல்களில் ஒரே வேளையில் மாட்டிக்கொள்கின்றனர். சுமை ஒப்பாகத்தான் பகிரப்பட்டது, ஐயமில்லை. இருவர்க்கும் ஒப்பாகக் கால் கடுத்தது.

நிலப்படத்தின் மூலையில் கிடக்கும் நடுவண் நிலையத்தை இருவரும் முதலில் எண்ணவே இல்லை. அது இருவர்க்கும் தொலைவு. ஆனால் ஆவடியார் ஒரே வண்டியில் அமர்ந்து நடுவண் நிலையத்தின் புறநகர்ப் பகுதியில் இறங்கலாம். தாம்பரத்தார் ஒரே வண்டியில் அமர்ந்து பூங்கா நிலையத்தில் இறங்கலாம். இரண்டுக்கும் இடையே ஒரு சாலை. அதன் அடியில் ஒரு சுரங்கப் பாதை. எந்தப் போக்குவரத்து விளக்குக்கும் இருவரும் காத்து நிற்க வேண்டுவதில்லை. வண்டி புறப்படும் நேரமும் சேரும் நேரமும் முன்கூட்டியே அச்சிட்டு வைக்கப்பட்டவை; ஐந்து பத்து மணித்துளி பிந்தினும் ஒரு மணி நேரம் பிந்துவது அரிது. ஆகவே தொலைவை அளக்க வேண்டிய கோல் கடிகையே. கோலால் அளந்தால் தொலைவாக இருப்பது கடிகையால் அளந்தால் அண்மையாக இருக்கும்.

இந்தப் புறநகர் நிலையத்தை இன்றும் மூர்ச் சந்தை வளாகம் என்றே பலரும் வழங்குவர். பழைய நூற்கடைகளுக்குப் பேர்போன மூர்ச் சந்தை 1985-இல் தீக்கிரையாயிற்று. அதன் இடத்தில் எழுந்ததே இக்கட்டடம். கிடைத்தற்கரிய நூல்களைத் தேடி அங்கே சென்று, நூலோடு நண்பரையும் பெற்று வந்த தமிழாசிரியர்கள் எத்தனையோ பேர். நூற்கடை போய்விட்டது. அந்த இடம் மட்டும் இருவர் கூடுதற்கு ஏற்ற இடமாகவே இன்னும் இருக்கின்றது.

ஆயினும் 'நடுவண் நிலையத்திற் காண்போம்' என்று மட்டும் சொல்லிப் பிரிந்தால் மற்றோர் இடர் காத்திருக்கின்றது. நடுவண் நிலையம் ஓரிடம் அன்று. மணிக்கூண்டுடன் கூடிய பெரிய கட்டடம் ஒன்று. அதன் பக்கத்தில் புறநகர் நிலையம். நிலத்துக்கு அடியில் மெட்ரோ என வழங்கும் மாநகரத் தொடர்வண்டி நிலையம். சாலைக்கு எதிர்ப்புறம் பூங்கா நிலையம். அதற்கும் அருகே, பறக்கும் தொடர்வண்டிக்குரிய பூங்கா நகர் நிலையம். பூங்கா வேறு, பூங்கா நகர் வேறு என்பதை அறியாமல் ஒருவர் இங்கும் ஒருவர் அங்குமாக நின்று கால் மாற்றிக்கொண்டிருப்பது எளிதில் நிகழக்கூடியது. 2019-இல் நடுவண் நிலையத்துக்கு ம.கோ. இராமச்சந்திரன் பெயரும் சூட்டப்பெற்றது.

இத்தகைய தவற்றுக்கும் தமிழில் பெயர் உண்டு. அல்லகுறி என்பது அது. தலைவன் தான் வந்ததை உணர்த்தப் பறவைகளை எழுப்புவான். அல்லது நீர்நிலையிற் காய் ஒன்றை எறிந்து ஒலி எழுப்புவான். ஒருநாள் காய் தானே உதிர்ந்து நீரில் விழுகின்றது. பறவை தானே கலைந்து ஒலிக்கின்றது. தலைவி அவன் வந்தான் என்று எண்ணி வெளிப்போந்து, காணாது திரும்புகின்றாள். பின்னர் அவன் வந்து உண்மையான குறியைச் செய்யும்போது, அதுவும் பொய்யாக இருக்கும் என்று அவள் வாராது இருந்துவிடுகின்றாள். இருவர் மேலும் குற்றம் இல்லை. குறி இரண்டு பொருளுக்கு இடம் தந்தது. பூங்காவும் பூங்கா நகரும் அவ்வாறே. எனவே குறியிடத்தைச் சொல்பவர் நிலையத்தின் பெயரோடு நிறுத்தாமல், எந்த வாயில், வாயிலின் எப்பக்கம், எதன் அடியில் என்பது வரை சொல்லுதல் வேண்டும். சாலையின் எப்பக்கம் என்பது மிக மிக இன்றியமையாதது. நெரிசல் வேளையில் அகன்ற சாலையொன்றைக் கடந்து எதிர்ப்பக்கம் சேர்வதற்கே பத்து மணித்துளி கழிந்துவிடும்.

இங்கே தூய தமிழ் அன்பர்கள் சிலர்க்குக் கசப்பான செய்தி ஒன்றையும் கூறுதல் வேண்டும். சென்னையின் இடங்கள் பல இரண்டு மூன்று பெயர் தாங்கி நிற்கின்றன. அண்ணா சாலையை மவுண்ட் ரோடு என்றும், ஈ.வெ.ரா. பெரியார் சாலையைப் பூந்தமல்லி ஐரோடு என்றும் சொல்வார் இன்னும் உளர். 1973-இல் திறக்கப்பெற்ற அண்ணா மேம்பாலத்தைச் செமினி என்னாமல் சொன்னால் விளங்கிக்கொள்ளாத தானி ஓட்டுநரும் உளர். அந்தப் பெயர்க்குரிய படப்பிடிப்பு நிலையம் மறைந்து நெடுங்காலம் ஆயிற்று. பெயர் மட்டும் போக மறுக்கின்றது. நல்ல தமிழ்ப் பெயரை வழங்குவது கடமை. அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. ஆயினும் வெளியூரிலிருந்து வரும் நண்பர்க்கு இடத்தைச் சொல்லும்போது, நல்ல பெயரைச் சொல்லி, 'மற்றவர் இன்னவாறு வழங்குவர்' என்று மற்றப் பெயரையும் சொல்லிவிடுதல் வேண்டும். மொழித்தூய்மையைக் காக்கும் பொறுப்பை, வெயிலில் நின்று வழி கேட்கும் நண்பரின் தலையில் ஏற்றுதல் முறையன்று.

இடத்தைப் போலவே வேளையும் ஆராயத்தக்கது. இரண்டும் வெவ்வேறல்ல, ஓர் இடம் நான்கு மணிக்கு ஓரிடமாகவும் ஆறு மணிக்கு வேறோரிடமாகவும் இருக்கின்றது. காலை எட்டு முதல் பதினொன்று வரையும், மாலை ஐந்து முதல் எட்டு வரையும் நெரிசல் பொழுது என்று கொண்டே மாநகரத் தொடர்வண்டியும் அவ்வேளைகளில் மிகுதியாக இயக்கப்பெறுகின்றது. நிறைகுடத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்க. சாய்த்து ஊற்றினால் சீராக ஒழுகும் நீர், கவிழ்த்தால் வாயிலே முட்டி, நின்று நின்று, கொப்பளித்துக் கொப்பளித்து விழும். சாலையும் அத்தகையதே. அது தாங்கும் அளவு வரை ஊர்திகள் ஒழுகும். அந்த அளவுக்கு மேல் சிறிதளவு கூடினாலும், கூடிய ஊர்திகள் மட்டும் பிந்துவதில்லை. எல்லாமே நின்று நின்று செல்லும். ஆகவே ஐந்து மணிக்குப் புறப்படுவார்க்கும் ஐந்தரைக்குப் புறப்படுவார்க்கும் உள்ள வேறுபாடு அரைமணி அன்று. முன்னவர் வந்து தேநீர் பருகி முடித்த பிறகும் பின்னவர் பாலத்தின் மேலேயே இருப்பார்.

வெள்ளத்துக்குத் திசையும் உண்டு. மாலையில் மக்கள் நகரின் நடுவிலிருந்து புறநகர் நோக்கிப் பெயர்வர். தாம்பரம் செல்லும் வண்டியில் அப்போது மூச்சு விட இடமிராது. தாம்பரத்திலிருந்து கடற்கரை நோக்கி வரும் வண்டியிலோ அமர்ந்து நாளிதழ் படிக்கலாம். ஓய்வு பெற்ற அந்த இருவரும் மாலையில் நகரின் நடுவை நோக்கிச் செல்வது வெள்ளத்தின் எதிர்த்திசையிற் செல்வதாகும். வண்டிப் பயணத்தில் எதிர்நீச்சலே எளிது. பேசி முடித்து எட்டரைக்குப் புறப்பட்டால், திரும்பும்போதும் வெள்ளம் வடிந்திருக்கும். நடுநகரில் வேலை பார்க்கும் இருவரானால் நெறி வேறு. அவர்கள் ஐந்தரைக்கு வெளிவந்தவுடன் வீட்டுப் பக்கம் ஓடி, அங்கே எங்காவது கூட எண்ணுதல் வீண். வேலையிடத்துக்கு அருகிலேயே அமர்ந்து பேசி, நெரிசலைத் தம்மைக் கடந்து போகவிட்டு, பின்னர் எழுந்து செல்லுதல் அறிவுடைமை. எப்படியும் சாலையிற் கழியப்போகும் அந்த ஒரு மணி நேரம் நட்புக்குக் கிடைத்ததாகும்.

பழைய மாமல்லபுரம் சாலையில் கணிப்பொறி நிறுவனங்கள் பெருகிய பின் இந்தத் திசைக் கணக்கும் மாறிப்போயிற்று. தரமணியில் தைடல் பூங்கா 2000-இல் திறக்கப்பெற்றது. அதன் பிறகு காலையில் நகரிலிருந்து தெற்கே ஒரு வெள்ளமும், மாலையில் தெற்கிலிருந்து நகர் நோக்கி ஒரு வெள்ளமும் தோன்றின. தரமணியில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர், பெரம்பூரில் வாழும் தம் பள்ளித் தோழரைக் காண விரும்புகின்றார் என்க. தம் அலுவலகத்துக்கு அருகில் உள்ள குளிரூட்டிய பெரிய அங்காடியைக் குறிப்பது அவர்க்கு எளிது. தோழர் நகர் முழுவதையும் ஊடுருவி வர வேண்டும். நடுவழியான திருமயிலையைக் குறித்தால் சற்று நயன்மை. பறக்கும் தொடர்வண்டி 1997-இல் திருமயிலை வரையும், 2004-இல் திருவான்மியூர் வரையும், 2007-இல் வேளச்சேரி வரையும் நீண்டது. தரமணியார்க்கு அதில் ஒரே வண்டி. பெரம்பூரார்க்கோ இரண்டு வண்டி: புறநகர் வண்டியில் வந்து இறங்கி, பூங்கா நகர்க்கு நடந்து, அடுத்த வண்டி ஏற வேண்டும். வண்டி மாறுவதற்குரிய நடையையும் காத்திருப்பையும் கணக்கிற் சேர்த்தால், கூடும் இடம் இன்னும் வடக்கே திருவல்லிக்கேணிக்கு நகர்தல் வேண்டும். அங்கே கடற்காற்றும் உண்டு. கையிற் காசில்லாத தோழரும் கூச்சமின்றி அமரலாம். அங்காடியில் அமர்வதற்கே விலை கொடுத்தாக வேண்டும் என்பதைப் பலர் எண்ணுவதில்லை.

காசைப் பற்றிய பேச்சு வந்தமையால் மகளிரைப் பற்றியும் கூறுதல் வேண்டும். தோழியர் இருவர் கூடுதல் ஆடவர் கூடுதலினும் அரிது. அடுப்பை அணைத்து, பிள்ளைகளுக்கு ஒழுங்கு செய்து, வீட்டார்க்கு விடை சொல்லி வெளிவர வேண்டும். தொல்காப்பியர் சொன்ன காவல் உருமாறியதேயன்றி ஒழிந்துவிடவில்லை. 2021 முதல் அரசின் பொதுக்கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்லலாம் என்றாயிற்று. கையில் தம்முடையது என்று காசில்லாத பெண்கள் பலர்க்குத் தோழி வீடு மீண்டும் எட்டும் தொலைவுக்கு வந்தது. அத்தகையார்க்குக் குறியிடம் என்பது அந்தப் பேருந்து நிற்கும் இடத்துக்கு அருகில் உள்ள இடமே. அங்கிருந்து தானிக்கு எண்பது உருபாய் கொடுத்துச் செல்ல வேண்டிய இடத்தைக் குறித்தால், கட்டணமின்றி வந்த பயன் அற்றுப்போகும். மேலும் பகல் வெளிச்சத்திற் பார்த்து வைத்த இடம் இரவு எட்டு மணிக்கு எவ்வாறு இருக்கும் என்றும் எண்ணுதல் வேண்டும். வரும் வழியினும் திரும்பும் வழியே பெரிது. விளக்கு உண்டா, நிறுத்தத்தில் நாலு பேர் நிற்பார்களா, கழிப்பிடம் உண்டா என்று முன்பே கேட்கும் தோழர் நல்ல தோழர்.

ஐப்பசி கார்த்திகைத் திங்கள்களில் இன்னுமோர் ஆராய்ச்சி. பெருமழை பெய்தால் தொடர்வண்டித் தடத்துக்கு அடியிற் செல்லும் சுரங்கச் சாலைகள் சிலவற்றில் நீர் நிறையும், அவை அடைக்கப்படும். தடத்தின் இருபுறமும் இருப்பவர்கள் அன்று இருவேறு ஊரார். மழைக்காலத்துக் குறியிடம் எவரும் சுரங்கச் சாலையைக் கடக்கத் தேவையில்லாத இடமாக இருத்தல் நன்று.

கைப்பேசி இருக்கும்போது இவ்வளவு ஆராய்ச்சி ஏன் என்று கேட்பார் உளர். கைப்பேசி வந்த பிறகே குறியிடம் கெட்டது என்பதே உண்மை. முன்னாளில் நாளும் இடமும் நேரமும் ஓர் அஞ்சலட்டையில் எழுதப்பெற்றன. எழுதியவர் வந்து நின்றார். இப்போது "வந்துவிட்டுச் சொல்கிறேன்" என்பதே முடிவு. வந்தவர் ஒருவர், வாராதவர் "வந்துகொண்டே இருக்கிறேன்" என்கின்றார், இன்னும் குளித்து முடிக்காமலேயே. இதற்கும் இலக்கணத்தில் அமைதி உண்டு என்பது வேடிக்கை. விரைவு குறித்து எதிர்காலத்தை இறந்தகாலமாகச் சொல்வதைக் கால வழுவமைதி என்பர். உடன் போவதற்காகக் காத்து நிற்பவன், இன்னும் உண்ணவில்லையா என்று கேட்க, உண்ணாதவன் தான் உண்டு புறப்பட்டுவிட்டதாகவே விடை கூறுவான் என உரையாசிரியர் எடுத்துக்காட்டினர். காத்திருப்பவனும் பிந்துபவனும் அந்நாளிலும் இருந்தனர் என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் அந்த எடுத்துக்காட்டில் நண்பன் வீட்டு வாயிலில் நிற்கின்றான், நிழலும் உண்டு. இன்றைய நண்பன் நிற்பது பேருந்துப் புகையில்.

காத்திருத்தலை முற்றும் ஒழிக்க இயலாது. ஆகவே காத்திருக்கத் தகுந்த இடத்தைக் குறியிடமாக்குதல் சிறந்த வழி. எழும்பூரில் 1896 முதல் கன்னிமரா நூலகம் இருக்கின்றது. கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கின்றது; பறக்கும் தொடர்வண்டியின் கோட்டூர்புர நிலையத்தில் இறங்கி நடந்து செல்லலாம். மூடும் நேரத்தை மட்டும் முன்னரே கேட்டு வைத்தல் வேண்டும். முன்னே வந்தவர் இருக்கையில் அமர்ந்து நூலைப் புரட்டிக்கொண்டிருப்பார். அரைமணி பிந்தி வந்தவர் மன்னிப்பு வேண்டும்போது, 'இன்னும் பத்துப் பக்கம்' என்று அவரையே காத்திருக்கச் செய்வார். தமிழ் அமைப்பினர் கூட்டம் நடத்தும் இடங்களைக் குறிக்கும்போதும் இவற்றை எண்ணினால் நன்று. ஆறரைக்கு என்று அறிவித்து, எட்டு மணிக்குத் தொடங்கி, கடைசிப் பேருந்து போன பிறகு நன்றி நவில்வது எந்த நெறியில் அடங்கும் என்று தெரியவில்லை.

மீண்டும் ஆவடியாரிடமும் தாம்பரத்தாரிடமும் வருக. போரூரில் ஒருமுறை பட்டுத் தெளிந்த இருவரும் அடுத்த திங்கள் முதல் நடுவண் நிலையப் பக்கமே கூடுகின்றனர் என்க. ஓராண்டு ஒழுங்காக நடக்கின்றது. பின்னர் தாம்பரத்தார்க்கு முழங்காலில் நோவு காண்கின்றது. பூங்கா நிலையத்துப் படிகளும் சுரங்கப் பாதைப் படிகளும் அவர்க்கு மலையாகின்றன. நிலப்படமும் கடிகையும் மாறவில்லை. ஆனால் கணக்கு மாறிவிட்டது. இனிக் களஞ்சுட்டும் உரிமை தாம்பரத்தாருடையது. அவர் சொல்லத் தயங்குவார். பத்து மாத்திரை விழுங்கிவிட்டு 'ஒன்றுமில்லை, வருகின்றேன்' என்பார். ஆகவே ஆவடியார் தாமே கேட்டல் வேண்டும். கேட்டுவிட்டு, நடுவண் நிலையத்தில் இறங்கி, சுரங்கப் பாதையைக் கடந்து, பூங்காவில் தாம்பர வண்டி ஏறல் வேண்டும். மாலை ஆறு மணி வண்டியில் நெரிசலின் நடுவே நின்றுகொண்டு செல்ல வேண்டா. இரண்டரை மணி வண்டியில் பலகணியோரம் அமர்ந்து செல்லலாம். இருவரும் ஓய்வு பெற்றவர்தாமே. தாம்பரம் நிலையத்துக்கு வெளியே, படியேறத் தேவையில்லாத ஒரு தேநீர்க் கடையில், மூன்றேமுக்காலுக்கு இரண்டு குவளை வரும். ஐந்து மணி வண்டியைப் பிடித்தால் ஆவடியார் வெள்ளத்துக்கு எதிரே வடக்கு நோக்கித் திரும்பலாம். நடுவண் நிலையத்திலிருந்து ஆவடி செல்லும் வண்டியில் மட்டும் அவர்க்கு இடம் கிடைக்காது. அந்த முக்கால் மணி நேரம் நின்றேதான் போக வேண்டும்.